அரங்கின் குரல் வராத ஒளிபரப்பு: எங்கள் வீட்டு டிகோடர் சேவை பற்றி

2019 செப்டம்பர் மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக் கூரையில் புதிய டிஷ் ஒன்றைப் பொருத்தி, முன்னறையில் ஒரு டிகோடர் பெட்டியை (செட்-டாப் பாக்ஸ்) வைத்துவிட்டுப் போனார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில், 68 வயதில், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை அமெரிக்க விளையாட்டு அலைவரிசைகள் அடங்கிய தொகுப்புக்கு மாதந்தோறும் பணம் கட்டுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. என் மகள் தன் குடும்பத்தோடு வாஷிங்டன் நகரை ஒட்டிய மேரிலாந்தில் இருக்கிறாள்; அவளுடைய 14 வயது மகனுக்கு வாஷிங்டன் நேஷனல்ஸ் என்ற பேஸ்பால் அணிதான் உலகம். ஞாயிறுதோறும் தொலைபேசியில் நான் அவனுக்கு உயிர்மெய் எழுத்துகளைச் சொல்லிக்கொடுப்பேன், அவன் எனக்குப் பேஸ்பால் விதிகளைச் சொல்லிக்கொடுப்பான். அந்தப் பாடம் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சேவைக்குச் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை வேறு பல சேவைகளிலும் இருக்கக் கூடியது என்பதால், பெயரைவிடக் குறையே படிப்பவர்களுக்குப் பயன்படும்.

வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். படம் தெளிவாக இருக்கிறது. கனமழை பெய்தால் சில நிமிடங்கள் படம் கட்டம் கட்டமாக உடைந்து பிறகு சரியாகிவிடுகிறது. பொருத்த வந்த இரு இளைஞர்களும் சொன்ன நேரத்துக்கு வந்து, கூரை ஓட்டில் ஒரு கீறல்கூட விழாமல் வேலையை முடித்தார்கள். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும் வசதி நன்றாக இயங்குகிறது. ஆனால் மின்வெட்டு வந்தால் அந்த நேரத்துப் பதிவு போனது போனதுதான், மின்சாரம் திரும்பியதும் டிகோடர் தானாகப் பதிவைத் தொடர்வதில்லை. கட்டணம் என் ஓய்வூதியத்தில் உறுத்தாத அளவுதான் என்றாலும் குறைவு என்று சொல்ல முடியாது.

சேவையின் தரத்தை எனக்கு உண்மையில் காட்டிய நாள் ஒன்றே ஒன்றுதான். அது அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. அன்று தீபாவளி. விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, விளக்கேற்றி, முறுக்கும் வடையும் பூரணமும் அடுக்கிய தட்டுகளை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, 11 மணிக்கு வீடே தொலைக்காட்சியின் முன் கூடியது. யோக்கோஹாமாவில் ரக்பி உலகக் கோப்பையின் அரையிறுதி. தென்னாப்பிரிக்கா வேல்ஸை 19-16 என்று வென்றது. ஹாண்ட்ரே பொல்லார்ட் கடைசி நிமிடங்களில் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனபோது எழுந்த ஆரவாரம் எங்கள் முன்னறைச் சுவர்களில் மோதித் திரும்பியது போல் இருந்தது. ஜப்பானிய ரசிகர்களின் கைதட்டல் ஒரு பக்கம், வேல்ஸ் ரசிகர்களின் பாட்டு ஒரு பக்கம், நம்மவர்களின் கூச்சல் ஒரு பக்கம் என்று மூன்றையும் பிரித்துக் கேட்க முடிந்தது. அரங்கத்தின் ஒலியை இத்தனை நுட்பமாக வீட்டுக்குள் கொண்டுவரும் ஆற்றல் இந்தப் பெட்டிக்கு உண்டு என்பது காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அன்றிரவு நடந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாலை 3 மணி கடந்து சிறிது நேரத்தில், சாப்பாட்டுக்கு வந்த உறவினர்கள் இன்னும் எழுந்து போகாத நிலையில், செய்தி அலைவரிசைகள் அனைத்தும் வெள்ளை மாளிகைக்கு மாறின. ஐ.எஸ். அமைப்பின் தலைவர் அபு பக்கர் அல்-பக்தாதி இறந்துவிட்டதாக அதிபர் டொனால்ட் டிரம்ப் அறிவித்தார். சிரியாவின் வடமேற்கில் இட்லிப் மாகாணத்தில், துருக்கி எல்லைக்கு அருகில் உள்ள பாரிஷா என்ற சிற்றூரில், 8 ஹெலிகாப்டர்களில் சென்று இறங்கிய அமெரிக்கச் சிறப்புப் படையினர் அவர் தங்கியிருந்த வீட்டைச் சுற்றி வளைத்தனர். சுரங்கப் பாதைக்குள் ஓடிய அவர், தன்னோடு இழுத்துச் சென்ற குழந்தைகள் அருகில் இருக்கும்போதே வெடிகுண்டு அங்கியை வெடிக்கச் செய்து இறந்தார். 2014-ல் மோசூல் நகரின் பள்ளிவாசலில் நின்று தன்னைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்டவர்; யசீதிப் பெண்களை அடிமைகளாக விற்ற, பிணைக்கைதிகளின் கழுத்தை அறுத்துப் படம் பிடித்துப் பரப்பிய ஒரு கூட்டத்தின் தலைவர். அவர் இறந்தார் என்று கேட்டபோது எங்கள் முன்னறையில் இருந்த ஒருவருக்கும் வருத்தம் இல்லை. நரகாசுரனின் நாளில் இப்படியொரு செய்தியா என்று என் கொழுந்தனார் சொன்னார், எல்லாரும் தலையசைத்தோம்.

இந்த இடத்தில் சேவையின் செய்திப் பிரிவை மனதாரப் பாராட்டுகிறேன். அமெரிக்கா, பிரிட்டன், கத்தார் என்று வெவ்வேறு நாடுகளிலிருந்து வரும் அலைவரிசைகள் ஒரே தொகுப்பில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதால், ஒரே நிகழ்வை நான்கு கோணங்களில் பார்க்க முடிந்தது. அதிபர் கேள்விகளுக்குப் பதில் சொன்னதையும் சேர்த்து ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பேசினார். அதை ஒரு விளம்பரமும் குறுக்கிடாமல் முழுமையாகக் கேட்டோம். பக்தாதி அழுதுகொண்டும் கதறிக்கொண்டும் ஓடினார் என்றும், நாயைப் போலச் செத்தார் என்றும் அதிபர் சொன்னார். அந்த அழுகையைப் பற்றித் தமக்குத் தெரியாது என்று பாதுகாப்பு அமைச்சர் மார்க் எஸ்பர் அதே நாள் சொன்னதை வேறோர் அலைவரிசையில் கேட்டேன். இறந்த குழந்தைகள் மூவர் என்று அதிபர் சொன்னதை, இரண்டு பேர் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் சில நாள்களில் திருத்தியதும் எனக்கு இந்தச் சேவை வழியாகவே தெரியவந்தது. பக்தாதியின் பிடியில் துன்புற்று 2015-ல் இறந்த உதவிப் பணியாளர் கேய்லா முல்லரின் பெயரைத்தான் இந்தத் தாக்குதலுக்குச் சூட்டியிருந்தார்கள் என்பதைச் சொன்னபோது, செய்தி வாசித்த பெண்மணி ஒரு கணம் நிறுத்தி மூச்சு விட்டார். அந்த நிறுத்தத்தை வெட்டாமல் அனுப்பினார்களே, அதற்கு என் நன்றி.

அன்றிரவே அதிபர் பேஸ்பால் பார்க்கப் போகிறார் என்ற செய்தியும் வந்தது. அமெரிக்கப் பேஸ்பால் பருவத்தின் இறுதிக் கட்டமான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், வாஷிங்டன் நேஷனல்ஸ் பூங்காவில், நேஷனல்ஸுக்கும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கும் இடையே. இரு அணிகளும் தலா 2 வெற்றிகளோடு சமநிலையில் இருந்தன. அந்நகரில் உலகத் தொடர் ஆட்டங்கள் நடப்பது 1933-க்குப் பிறகு இதுவே முதல் முறை. என் மருமகன் பல மாதச் சேமிப்பைச் செலவழித்து இரண்டு நுழைவுச்சீட்டுகள் வாங்கியிருந்தார். பேரன் அரங்கத்தின் மேல்தட்டில் உட்கார்ந்திருப்பான். எங்களுக்கு அது திங்கட்கிழமை அதிகாலை 2 மணி. தீபாவளிக்குச் சமைத்த களைப்பு உடம்பில் இருந்தாலும் விழித்திருந்தேன்.

விழித்திருந்ததற்கு ஆட்டம் மட்டும் காரணமில்லை. பயங்கரவாதத் தலைவன் ஒருவனைக் கொன்ற செய்தியைக் காலையில் அறிவித்த ஓர் அதிபரை, அதே நாள் இரவில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் எப்படி வரவேற்கிறார்கள் என்று நேரலையில் பார்க்கும் வாய்ப்பு ஒருவரின் வாழ்நாளில் எத்தனை முறை கிடைக்கும்? மாளிகை அறையில் அதிபர் பேசும்போது கேட்பவர்கள் செய்தியாளர்கள் மட்டுமே. அரங்கத்தில் இருப்பவர்களோ காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, வேறொரு காரியத்துக்காக வந்தவர்கள். அதிபர் வருவார் என்று தெரியாமலேயே பெரும்பாலோர் சீட்டு வாங்கியிருப்பார்கள். அவர்கள் எழுப்பும் ஒலிக்கு யாரும் முன்கூட்டி எழுதிக்கொடுக்க முடியாது.

ஆட்டம் தொடங்கும் முன் முதல் பந்தை வீசும் மரியாதையைச் சமையற்கலைஞர் ஹோசே ஆந்த்ரேஸுக்குக் கொடுத்திருந்தார்கள். 2017-ல் புயலடித்த போர்ட்டோ ரிக்கோவில் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போட்டவர் அவர். மெக்சிகோ நாட்டுக் குடியேறிகளைப் பற்றி டிரம்ப் பேசியதைக் கண்டித்து 2015-ல் டிரம்பின் வாஷிங்டன் விடுதியில் உணவகம் திறப்பதைக் கைவிட்டவரும் அவரே. அவருக்குக் கிடைத்த கைதட்டல் எங்கள் வீட்டுப் பெட்டியில் நன்றாகக் கேட்டது. அன்று நேஷனல்ஸுக்காகப் பந்து வீசவேண்டிய மேக்ஸ் ஷெர்சருக்குக் கழுத்து வலி வந்து, ஜோ ராஸ் அவருக்குப் பதிலாக இறங்கினார். இரண்டாவது இன்னிங்ஸில் யோர்டான் ஆல்வரெஸ் அடித்த பந்து வேலியைத் தாண்டியதில் ஹூஸ்டனுக்கு 2 ஓட்டங்கள். அரங்கம் அடங்கியது. இதுவரை சேவையில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்தது. இரண்டு இன்னிங்ஸுகளுக்கு இடையில் வரும் சில நிமிட இடைவெளியில் எங்கள் சேவை அரங்கத்தை விட்டு விலகித் தன்னுடைய விளம்பரங்களைப் போடுகிறது. அதிலும் பெரும்பகுதி தன்னுடைய வேறு தொகுப்புகளைப் பற்றிய விளம்பரமே. ஒவ்வோர் இடைவெளியிலும் அப்படித்தான் செய்தது, இந்த இடைவெளியிலும் அப்படியே செய்தது. ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், வாஷிங்டனில், முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை செலுத்தும் நிகழ்ச்சியின்போது அரங்கத்தின் பெரிய திரையில் அதிபரின் முகம் தோன்றியது. படைவீரர்களுக்காக எழுந்த ஆரவாரம் அந்த முகத்தைக் கண்டதும் எதிர்ப்புக் கூச்சலாக மாறியது. நான் காத்திருந்த ஒலி அதுதான். படம் அரங்கத்துக்குத் திரும்பியபோது பந்து வீசப்பட்டுக்கொண்டிருந்தது. வர்ணனையாளர்கள் பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் என் கைபேசி ஒலித்தது. பேரனிடமிருந்து அரை நிமிடக் குரல் பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. முதலில் உற்சாக விசில்களும் கைதட்டலும் கேட்கின்றன. பிறகு அடிவயிற்றிலிருந்து எழும் ஒரு நீண்ட 'பூ' ஒலி எல்லாத் தட்டுகளிலும் பரவுகிறது. அதற்குள் சிலர் கைதட்டுவதும் கேட்கிறது. அதன்மேல் ஒரே தாளத்தில், "அவரைச் சிறையில் தள்ளு" என்ற ஆங்கில முழக்கம். கடைசியில் பேரனின் குரல், தமிழில்: "ஆயா, கேட்டீங்களா?" நான் கேட்டேன். ஆனால் மாதக் கட்டணம் கட்டிய டிகோடரில் கேட்கவில்லை. 14 வயதுப் பிள்ளை கையைத் தூக்கிப் பிடித்த ஒரு கைபேசியில் கேட்டேன்.

அந்த முழக்கத்தின் பிறப்பு பலருக்கும் நினைவிருக்கும். 2016 தேர்தலில் ஹிலரி கிளின்டனைக் குறித்து டிரம்பின் கூட்டங்களில் எழுப்பப்பட்ட "அவளைச் சிறையில் தள்ளு" என்ற அதே முழக்கம் மூன்று ஆண்டுகள் கழித்து அவருக்கே திரும்பி வந்தது. அரங்கத்தில் அதிபரைப் பதவியிலிருந்து நீக்கக் கோரும் பதாகைகளும் விரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று முன்னாள் படைவீரர்கள் பெயரில் இருந்தது. ஆட்டம் முடியும் முன்பே அதிபர் கிளம்பிவிட்டார். நேஷனல்ஸ் 7-1 என்று தோற்றது. ஹுவான் சோட்டோ அடித்த ஒன்றைத் தவிர அன்று அவர்களுக்கு ஓட்டமே கிடைக்கவில்லை.

திங்கள் காலையில் செய்தி அலைவரிசைகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன், பதிவும் செய்தேன். எல்லா இடத்திலும் அந்தக் காட்சி வந்தது. எனினும் பெரும்பாலான செய்திகளில் அந்த ஒலியின் மேலேயே செய்தியாளர் பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் என்ன செய்தது என்று அவர் சொல்லும் வார்த்தைகள்தான் நமக்குக் கேட்கின்றன, கூட்டம் பின்னணி இரைச்சலாகிவிடுகிறது. ஒரே ஓர் அலைவரிசை மட்டும் ஒரு வார்த்தையும் பேசாமல் பதினைந்து வினாடிகள் அந்த ஒலியை அப்படியே ஓடவிட்டது. கைதட்டியவர்களும் இருந்தார்கள் என்பதும், படைவீரர்களுக்கான ஆரவாரம் எந்த நொடியில் நின்றது என்பதும் அந்தப் பதினைந்து வினாடிகளில் விளங்கியது. இந்தத் தொகுப்பில் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது எது என்று யாராவது கேட்டால் அந்தப் பதினைந்து வினாடிகளைத்தான் காட்டுவேன்.

அதன் பிறகு இரண்டு நாள் வாதங்களே ஓடின. நாட்டுக்காக ஒரு பெரிய எதிரியை வீழ்த்திய நாளில் அதிபரை இப்படி நடத்தலாமா என்று ஒரு சாரார் கேட்டார்கள். எதிர்க்கட்சியைச் சேர்ந்த செனட்டர் கிறிஸ் கூன்ஸ்கூட அதிபர் பதவிக்கு மரியாதை வேண்டும் என்றார். சிறையில் தள்ளு என்ற முழக்கம் எனக்கும் பிடிக்கவில்லை; விசாரணையே முடியாத ஒருவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்லும் கூட்டத்தில் என் பேரன் உட்கார்ந்திருந்தான் என்பது உறுத்தியது, அதை அவனிடமும் சொன்னேன். ஆனால் கூச்சலையும் அந்த முழக்கத்தையும் ஒன்றாகக் கட்டி ஒதுக்கிவிட நான் ஒப்பமாட்டேன். அந்த மாதத்தில் அந்த நகரத்து மக்களின் மனதில் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உக்ரைன் அதிபரோடு ஜூலை மாதம் நடந்த தொலைபேசி உரையாடலை வைத்துப் பிரதிநிதிகள் சபை செப்டம்பர் 24 அன்று பதவிநீக்க விசாரணையைத் தொடங்கியிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் சிரியாவின் வட எல்லையிலிருந்து படைகளை விலக்கியதால், ஐ.எஸ்ஸுக்கு எதிராகத் தோளோடு தோள் நின்ற குர்து மக்களைக் கைவிட்டுவிட்டோம் என்ற கோபம் படைவீரர்களிடமே இருந்தது. அதோடு, 2016-ல் வாஷிங்டன் நகரத்தில் டிரம்புக்குக் கிடைத்த வாக்குகள் 100-க்கு 4 அளவில்தான். பக்தாதி இறந்ததில் மகிழ்ந்த அதே மனிதர்தான் இரவில் கூச்சலிட்டிருக்கலாம். எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்களும் அந்த இரண்டையும் செய்திருப்பார்கள். ஒரு காரியத்தை நன்றாகச் செய்தார் என்பதற்காக மற்றக் கணக்குகளையெல்லாம் மக்கள் தள்ளுபடி செய்துவிட வேண்டும் என்பது என்ன நியாயம்?

இதை இத்தனை உறுதியாகச் சொல்வதற்கு எங்கள் நாட்டு அனுபவமும் காரணம். நெல்சன் மண்டேலாவின் நினைவஞ்சலி 2013 டிசம்பர் 10 அன்று சொவேட்டோவை அடுத்த எஃப்.என்.பி. அரங்கத்தில் கொட்டும் மழையில் நடந்தது. பெரிய திரையில் அதிபர் ஜேக்கப் சூமாவின் முகம் வந்தபோதெல்லாம் கூட்டம் கூச்சலிட்டது; அதே திரையில் பராக் ஒபாமாவின் முகம் வந்ததும் அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. உலகத் தலைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, துக்க வீட்டில், இப்படிச் செய்யலாமா என்று அன்றும் கேட்டார்கள். நானும் முதலில் வெட்கப்பட்டேன். பிறகு, என் கணவர் ஒன்று சொன்னார்: "நம்முடைய வாலிபத்தில் அதிபரின் முகத்தைப் பார்த்து இப்படிச் சத்தம் போட முடிந்ததா?" முடிந்ததில்லை. எல்லாரும் சமமாக வாக்களித்த முதல் தேர்தல் 1994-ல் நடந்தபோது எனக்கு 43 வயது. அதற்கு முன் நாங்கள் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதைக்கூட நிறவெறி அரசாங்கம்தான் வரைபடத்தில் கோடு போட்டு முடிவு செய்தது. சாட்ஸ்வொர்த்தே அப்படிப் பிறந்த ஊர். ஒரு பெரிய திரையில் ஆள்பவரின் முகம் தெரியும்போது மக்கள் எழுப்பும் ஒலி, அது ஆரவாரமோ கூச்சலோ, எவ்வளவு காலம் காத்திருந்து பெற்றது என்பதை எங்கள் தலைமுறை அறியும். அந்த ஒலியைச் சோபா விளம்பரத்தால் மூடியதை ஒரு சிறு தொழில்நுட்பக் குறையாக என்னால் எண்ண முடியவில்லை.

பேஸ்பால் அரங்கங்களுக்கும் அதிபர்களுக்கும் உள்ள உறவு பழையது என்பதைப் பேரனுக்காகத் தேடிப் படித்தேன். பொருளாதார வீழ்ச்சியும் மதுவிலக்கும் நாட்டை வாட்டிய 1931-ல், பிலடெல்பியாவில் உலகத் தொடரைப் பார்க்க வந்த ஹெர்பர்ட் ஹூவரை நோக்கிக் கூட்டம் கூச்சலிட்டு, பீர் வேண்டும் என்று முழங்கியது. இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டு ஏழு வாரங்கள் கழித்து, 2001 அக்டோபர் 30 அன்று, யாங்கி அரங்கத்தில் தனியாக நடந்து வந்து முதல் பந்தை வீசிய ஜார்ஜ் புஷ்ஷை நியூயார்க் நகரமே எழுந்து நின்று வாழ்த்தியது. அவர் அந்நகரில் வாக்கில் தோற்றவர். 2011 மே 1, அதுவும் ஒரு ஞாயிறு இரவு: பிலடெல்பியாவில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, ஒசாமா பின் லாடன் கொல்லப்பட்ட செய்தி ரசிகர்களின் கைபேசிகளில் வந்து சேர, யாரும் சொல்லாமலேயே அரங்கம் முழுவதும் நாட்டின் பெயரை முழங்கத் தொடங்கியது. அந்த நேரம் ஒபாமா அங்கே இல்லை, மாளிகையில் இருந்தார். ஆனால் அதன் பிறகு 'காலப்' நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் அவருக்கான ஆதரவு 6 புள்ளிகள் கூடியது. டிரம்புக்கு அப்படி எதுவும் கூடவில்லை. 40 சதவீதத்தை ஒட்டியே அவருடைய ஆதரவு அசையாமல் நின்றது.

அடுத்த நாள்களில் நடந்தவற்றைச் சேவை நன்றாகக் கொண்டுவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 30 அன்று ஷெர்சர் கழுத்து வலி தீர்ந்து பந்து வீச, ஹூஸ்டனில் நேஷனல்ஸ் 6-2 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. பேரனும் நானும் தொலைபேசியை வைக்காமலேயே கடைசி இன்னிங்ஸைப் பார்த்தோம். நவம்பர் 4 அன்று அந்த அணி வெள்ளை மாளிகைக்குச் சென்றபோது, புல்வெளியில் கூடியிருந்தவர்கள் அதிபரை உற்சாகமாக வாழ்த்தினார்கள். அணி வீரர்களில் கர்ட் சுசுக்கி அதிபரின் தேர்தல் முழக்கம் பொறித்த சிவப்புத் தொப்பியை அணிந்துகொண்டார், ஷான் டூலிட்டில் போக மறுத்துவிட்டார். அந்த நிகழ்ச்சியைச் செய்தி அலைவரிசை ஒன்று வெட்டாமல் ஒளிபரப்பியது. அதற்கு இரண்டு நாள் முன்பு நியூயார்க்கில் குத்துச்சண்டை போன்ற ஒரு கலப்புச் சண்டைப் போட்டிக்குப் போனபோது அதிபருக்கு வாழ்த்தும் கூச்சலும் கலந்தே கிடைத்தன. நவம்பர் 9 அன்று அலபாமா மாநிலத்தின் டஸ்கலூசாவில், 2016-ல் 62 சதவீத வாக்குகளை அவருக்குக் கொடுத்த மாநிலத்தில், பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் அவருக்குப் பெரும் ஆரவாரம். பதினான்கு நாள்களுக்குள் ஒரே மனிதருக்கு நான்கு கூட்டங்கள் நான்கு விதமான வரவேற்புக் கொடுத்ததை வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது இந்தச் சேவையால்தான், அந்த முதல் கூட்டத்தின் குரல் மட்டும் எனக்கு வேறு வழியில் வந்தது.

வாடிக்கையாளர் உதவி எண்ணுக்கு அழைத்து என் குறையைச் சொன்னேன். பேசிய இளைஞர் பொறுமையாகக் கேட்டார். இடைவெளிகளில் அரங்கத்தின் படமும் ஒலியும் மூல ஒளிபரப்பில் வந்தாலும் வராவிட்டாலும், இங்கே அந்த நிமிடங்கள் விளம்பரத்துக்கென்று முன்கூட்டியே ஒதுக்கப்பட்டவை என்றும், அவற்றைத் தானியங்கி அமைப்பு இயக்குகிறது, யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்றும் சொன்னார். அதிபர் வருவது அன்று மாலையே உலகுக்குத் தெரிந்திருந்தது. ஓர் ஆளை உட்கார வைத்திருக்கலாமே என்று கேட்டேன். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். இதுவரை பதில் வரவில்லை. ஆனால் அவர் பேசிய பண்பில் ஒரு குறையும் இல்லை.

எனவே சேர நினைப்பவர்களுக்கு என் கருத்து இதுதான். செய்தித் தொகுப்புக்காகச் சேருங்கள்; வெவ்வேறு நாட்டு அலைவரிசைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு அது கொடுத்த காசுக்கு மேலேயே பயன் தரும். ரக்பிக்காகவும் சேரலாம், நவம்பர் 2 அன்று இங்கிலாந்தை 32-12 என்று வென்ற இறுதியாட்டத்தின் ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது. அமெரிக்க விளையாட்டுகளுக்காக மட்டும் சேர்வதாக இருந்தால், இடைவெளிகளை நிரப்பும் முறை மாறும்வரை காத்திருங்கள். பதிவு வசதியை நம்புபவர்கள் மின்வெட்டு நேரங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் டிசம்பர் மாதத்துக்கான கட்டணத்தைச் செய்தித் தொகுப்புக்கு மட்டும் கட்டியிருக்கிறேன். விளையாட்டுத் தொகுப்பைப் பேஸ்பால் பருவம் மறுபடி தொடங்கும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். பேரன் அனுப்பிய அரை நிமிடப் பதிவை என் கைபேசியிலிருந்து அழிக்கவில்லை. போன ஞாயிறு அவன் அழைத்தபோது, "சிறை" என்ற சொல்லை எப்படி எழுதுவது என்று கேட்டான், வல்லின றகரம் என்று சொல்லிக்கொடுத்தேன்.